நாற்காலியில் தொங்கிய குடை

முன்னறையில் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டதும், சமையலறையில் டீ ஆற்றிக்கொண்டிருந்த டீச்சரின் கணவர் டம்ளரை வைத்துவிட்டு வந்தார்.

எட்டிப் பார்த்தார். வந்திருந்த கல்லூரி முதல்வர் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தார். கணவர் காலையில் அந்த நாற்காலியில் தொங்கவிட்ட குடை, கதவு மூலையில் சாய்ந்திருந்தது!

எதிரே டீச்சர், கல்லூரிப் பசங்களுக்கு வீட்டிலேயே பழைய கிரேக்கம் கற்பிப்பவள். பார்வை மங்கிவருவது வீட்டைத் தாண்டித் தெரியாது. தினமும் கணவர் பொருள்களை அதனதன் இடத்தில் வைப்பார்; அவற்றைக் காட்டித்தான் பாடம். இன்று பாடத்தைப் பார்க்க வந்த முதல்வருக்குப் பிடித்தால்தான் அடுத்த வருஷமும் வேலை.

டீச்சர் பேனாவை நீட்டினாள். "என் கையில இருக்கறதைக் காட்ட 'ஹொடெ'. உங்க பக்கத்துல இருக்கறதுக்கு 'ஹூட்டோஸ்'. ரெண்டு பேருக்கும் எட்டத்துல இருந்தா 'எக்கேய்னோஸ்'. நம்ம பழைய நூல்கள்ல இது, உது, அதுன்னு வருதே, கிட்டத்தட்ட அப்படித்தான்."

முதல்வர் தலையாட்டினார். கணவர் டீத் தட்டோடு, குடை இருந்த மூலையை நோக்கி நழுவினார்.

"இப்ப உங்க நாற்காலில தொங்குதே கறுப்புக் குடை, அதை எப்படிச் சொல்லணும்?"

முதல்வர் திரும்பி வெறும் நாற்காலி முதுகைப் பார்த்தார். பிறகு டீச்சரின் கண்களையே பார்த்தார்.

"குடையை நான்தான் எடுத்து மூலையில வெச்சேன் சார்," என்றார் கணவர் அவசரமாக.

"நீங்களா? உட்காரும்போது நான்தானே வெச்சேன்!" என்றார் முதல்வர்.

கணவர் தட்டை முதல்வர் பக்கத்தில் வைத்தார். டீச்சர் பேனாவை மூடினாள்.

"எவ்வளவு நாளா கண்ணு இப்படி, டீச்சர்?"

"ஒரு வருஷமா சார். உருவம் மட்டும் தெரியும்."

"பரீட்சைத் தாள்?"

"அவர் வாசிப்பார், நான் மார்க் போடுவேன். எழுத்து மட்டும் கத்துக்கிட்டார், அர்த்தம் ஒண்ணும் புரியாது."

"குடித்தனமும் அப்படித்தான் சார் ஓடுது," என்று கணவர் சிரிக்கப் பார்த்தார்.

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா வெச்சிருப்பீங்களா சார்?"

"பசங்க தாளை வேற ஒருத்தர் வாசிச்சிருக்காருன்னு தெரிஞ்சும் நான் எப்படி அடுத்த வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவேன்? இந்தப் பருவம் முடியற வரைக்கும் பாடம் எடுங்க. அதுக்கு மேல என்னால முடியாது," என்றார் முதல்வர்.

டீச்சர் நிமிர்ந்தாள். "எக்கேய்னோஸுக்கு உதாரணம் பாக்கியிருக்கு சார்."

"வேண்டாம் டீச்சர்."

முதல்வர் டீயைத் தொடாமலே எழுந்தார். மூலையிலிருந்த குடையைத் தாண்டிப் படியிறங்கினார். கணவர் கதவைச் சாத்தினார்.