பிரேக் சாரின் கால்

ஓட்டுநர் உரிமத் தேர்வு நடத்துவது அவருடைய வேலை. இருபத்திரண்டு வருடங்களாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தே சம்பளம் வாங்குகிறார். அலுவலக வண்டியில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதனால் ஊருக்குள் ‘பிரேக் சார்’. தேறியவர்கள் அதை அன்போடு சொல்வார்கள். தேறாதவர்கள் சொல்வதை அச்சிட முடியாது.

பொறுமை இல்லாதவர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. ஒரே தெருவை ஒரு நாளில் முப்பது தடவை சுற்றுவதற்குச் சாமானியப் பொறுமை போதாது. ஆனால் ஓரிடத்தில் நிம்மதியாக உட்கார்ந்தவர் என்றும் சொல்ல முடியாது. வீட்டு சோபாவில் இருக்கும்போதும் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருக்கும். தொலைக்காட்சியில் கார் ஓடினால் இன்னும் பலமாக அழுத்தும்.

அவருடைய மனைவியை எல்லோரும் தையல்காரம்மா என்பார்கள். நாற்பத்தொன்பது வயதில், வீட்டில் மூச்சுவிடாமல், அடுத்த ஊர் அலுவலகத்துக்குப் போய் மூன்றாவது முயற்சியில் உரிமம் வாங்கிவிட்டார். சாப்பாட்டு மேசையில், உப்பு போதுமா என்று கேட்கும் குரலில், அந்த அட்டையைக் கணவர் முன்னால் வைத்தார். அடுத்த மாதம் வாசலில் ஒரு பழைய வெள்ளைக் கார் நின்றது.

அந்தக் காரில்தான் மகள் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். முந்நூறு கிலோமீட்டர். பாதி தூரத்துக்குள் பிரேக் சார் “லாரி, லாரி” என்று அலறியதற்குக் கணக்கில்லை. அவற்றில் பாதி லாரிகள் ஓரமாக நின்றுகொண்டிருந்தவை.

மதியம் நெடுஞ்சாலையோர பார்பிக்யூ கடை ஒன்றில் தையல்காரம்மா காரை நிறுத்தினார். ஜன்னலோர மேசை. உட்கார்ந்ததும் வெளியே கை காட்டினார்.

“எதிர்ல பஸ் ஸ்டாண்டு தெரியுதா?”

“தெரியுது.”

“நம்ம பொண்ணு ஊருக்கு மூணேகாலுக்கு ஒரு பஸ் இருக்கு. சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க. வாயை மூடிக்கிட்டு வர்றதுன்னா கார். இல்லைன்னா பஸ். அங்க டிரைவர் முதுகுக்குப் பின்னாடி நின்னு எவ்வளவு வேணா கத்திக்கலாம்.”

பிரேக் சார் சிரித்துப் பார்த்தார். துணைக்கு யாரும் சிரிக்கவில்லை. இருபத்தேழு வருடக் குடித்தனத்தில், தையல்காரம்மா சிரிக்காமல் சொன்ன எதுவும் நடக்காமல் போனதில்லை.

அந்தக் கடையில் மேசைக்கு நடுவே பள்ளம் வைத்துக் கரி போட்டிருந்தார்கள். கம்பியில் கோத்த கறித்துண்டுகள் வரும். நாமே சுட்டுக்கொள்ள வேண்டும். வீட்டில் சமைத்து அலுத்தவர்கள் வெளியில் போய்ச் சமைப்பதற்கு இப்படி ஓர் ஏற்பாடு. தையல்காரம்மா கம்பிகளை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். பிரேக் சார் தன் கம்பிகளை ஓயாமல் திருப்பினார். பரிமாற வந்த பெண்மணிக்கே பொறுக்கவில்லை.

“அண்ணே, நீங்க திருப்புற திருப்புல கறிக்கே தலை சுத்தும். கொஞ்சம் விடுங்க, வேகட்டும்.”

“கை பரவாயில்லம்மா, நீ கால் ஆடுறதைப் பாக்கணும்” என்றார் தையல்காரம்மா.

ஜன்னலுக்கு வெளியே வெள்ளைக் கார் பார்க்கிங் கோட்டை மிதித்துக்கொண்டு கோணலாக நின்றது. பிரேக் சார் காரைப் பார்த்தார், பஸ் நிலையத்தைப் பார்த்தார், வேகாத கறியைப் பார்த்தார். மூன்றில் எதுவும் தொண்டைக்குள் இறங்குவதாக இல்லை.

காவலாளி உள்ளே வந்தார். “வெள்ளைக் கார் யாருது? பின்னாடி லாரி வெளியே போகணும், கொஞ்சம் எடுத்து விடுங்க.”

தையல்காரம்மாவின் இரண்டு கையிலும் எண்ணெய். சாவியை முழங்கையால் கணவர் பக்கம் தள்ளினார். “நீங்க எடுத்து விடுங்க.”

சாவி அங்கேயே கிடந்தது.

“என்னங்க?”

“லைசென்ஸ் இல்ல.”

“வீட்ல விட்டுட்டு வந்துட்டீங்களா?”

“காலாவதியாகி ஒன்பது வருஷமாச்சு.”

“அடப்பாவி மனுஷா! ஆபீஸ்ல யாரும் கேக்கலையா?”

“கேக்கிற ஆளு நான்தானே.”

“புதுப்பிக்க வேண்டியதுதானே?”

“புதுப்பிச்சா ஓட்டணும்.” பிரேக் சார் கம்பியை இன்னொரு முறை திருப்பினார். “பயமா இருக்கு. எவன் எவன் என்னென்ன தப்பு பண்ணுவான்னு எனக்கு அத்தனையும் தெரியும். ஸ்டீயரிங்கைப் பிடிச்சா எல்லாம் ஒரேயடியா ஞாபகம் வருது.”

தையல்காரம்மா எழுந்தார். கையைத் துடைத்துக்கொண்டு சாவியை எடுத்தார்.

கண்ணாடி வழியாகப் பிரேக் சார் எல்லாவற்றையும் பார்த்தார். கார் பின்னால் வந்தது. மேசைக்கடியில் கால் இறங்கியது. மேசை குலுங்கி ஒரு கம்பி கரிக்குள் விழுந்தது. வெளியே ஒரு பூந்தொட்டி சாய்ந்தது. லாரி போயிற்று. கார் மறுபடியும் கோணலாகவே நின்றது.

தையல்காரம்மா திரும்பி வந்து உட்கார்ந்தார். “தொட்டியை நிமித்தி வச்சிட்டேன். சொல்லுங்க, இதுக்கு எத்தனை மார்க் போகும்?”

மார்க் எல்லாம் இல்லை, நேரே ஃபெயில். பிரேக் சாருக்குத் தூக்கத்திலும் தெரிந்த விதி அது.

“தொட்டியை எவன் அங்க கொண்டுபோய் வச்சது?” என்றார்.

தேர்வுக்கு வந்தவர் பக்கம் அவர் பேசியது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

மூன்று மணிக்கு எழுந்தார்கள். “பஸ்ஸா, காரா?”

“கார்தான். ஆனா வாயை மூடுறதுக்கு என்னால உத்தரவாதம் தர முடியாது. பின்னாடி உட்கார்ந்துக்கிறேன்.”

தேர்வு வண்டியில் பின் இருக்கை அடுத்த ஆளுக்குரியது. உள்ளங்கை வியர்க்க, தன் முறைக்காகக் காத்திருக்கும் ஆளுக்கு. அந்த இடத்தைப் பிரேக் சார் இதுவரை கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறார்.

“பெல்ட்” என்றார் முன்னாலிருந்து தையல்காரம்மா. பிரேக் சார் அவசரமாகத் தேடி மாட்டிக்கொண்டார்.

கார் சாலையில் ஏறும்போது எதிரே மூணேகால் பஸ் நின்றுகொண்டிருந்தது. கால் தானாக அழுத்தியது. அங்கே பிரேக் இல்லை. முன் இருக்கையின் முதுகுதான் இருந்தது.

“உதைக்கிறீங்க.”

“தெரியாம பட்டுருச்சு.”

“உதைக்கிறதுன்னா கொஞ்சம் கீழ, வலது பக்கமா உதைங்க. தையல் மிஷின்ல உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு அங்கதான் பிடிச்சிருக்கு.”