சனிக்கிழமைக்கு ஒரு பொய்

இன்று கம்பெனி முடிந்து ரயிலில் வரும்போது, ஒரு காலேஜ் அக்கா தன் துப்பட்டாவை என்னிடம் நீட்டினார்.

"கொஞ்சம் மறைச்சிக்கினு நில்லும்மா."

பிடித்தேன். அதன் பின்னால் நின்று, கபடி பனியனுக்கு மேலேயே சுடிதாரை மாட்டிக்கொண்டார். கவரைப்பேட்டையில் அவர் அப்பா பைக்கோடு காத்திருப்பாராம். விளையாடுவது தெரிந்தால் காலேஜையே நிறுத்திவிடுவாராம்.

முழங்கையெல்லாம் சிராய்ப்பு.

"இதுக்கு இன்னா சொல்லுவீங்கக்கா?"

"படியில உழுந்துட்டேன்னு."

"போன வாரம்?"

"அதுவும் படிதான். எங்கப்பா ஒருநாள் காலேஜுக்கே வந்து படியை இடிக்கப் போறாரு."

சிரித்தார். ஆனால் சனிக்கிழமை முழுநாள் மேட்ச், அதற்கு மட்டும் பொய் கிடைக்கவில்லை என்றபோது குரல் இறங்கிவிட்டது.

யாரிடமும் பேசாத நான், "எங்க ஊட்டுக்குப் படிக்க வர்றேன்னு சொல்லுங்க" என்றேன். என் நம்பரையும் கொடுத்தேன்.

அப்போதிலிருந்து மனதுக்குள் நானும் அவர் வகுப்பில், ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருக்கிறேன். வெளியே மைதானத்தில் செம்மண் மெல்லப் பறக்கிறது. யாரோ என் பெயரைச் சொல்லி விளையாடக் கூப்பிடுகிறார்கள்.

அவர் அப்பா போன் செய்தால் நான் காலேஜ் பெண்ணாகப் பேச வேண்டும். ஒன்பதாவதோடு நின்றவள் நான். அக்கா என்ன படிக்கிறார் என்று கேட்பதற்குள் இறங்கிவிட்டார்.

நான் என்ன படிக்கிறேன் என்று யாராவது சொல்லுங்களேன். கணக்கு மட்டும் வேண்டாம்.