பஜ்ஜி தின்னும் தாய்

என் கதைகளை என் கணவர் படித்ததே கிடையாது. பத்திரிகை தபாலில் வந்தால் உறையைப் பிரிப்பார், என் பெயர் அச்சாகியிருக்கிறதா என்று பார்ப்பார், மேஜையில் வைத்துவிடுவார். எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவர். எஃப்.ஐ.ஆர். தவிர மற்றதெல்லாம் கற்பனை என்பது அவருடைய கட்சி. அப்படிப்பட்டவரைப் படிக்க வைப்பதற்கென்றே போன வருடம் ஒரு சிறுகதை எழுதினேன்.

காரணம் எங்கள் மகள். சென்னையில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கும் ஒருவனைக் கட்டிக்கொள்ளப் போவதாக என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். பையன் வேறு சாதி. அப்பாவிடம் நீதான் பேச வேண்டும் என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். மேலகரத்தில், எங்கள் தெருவில், எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை எப்படி ஆரம்பிப்பதென்று எனக்குத் தெரியவில்லை. கதை எழுதத்தான் தெரியும்.

எங்கள் ஆட்களில் ஒரு பெண் இப்படிக் கிளம்பிப் போய்விட்டால் வீட்டார் அவளைத் தலைமுழுகிவிடுவார்கள். செத்தவர்களுக்குக் குளிப்பதுபோலக் குளித்துவிட்டு, இனி அவள் இல்லை என்று வீடு திரும்புவார்கள். என் கதையில் ஒரு குடும்பம் அதற்காக வேன் பிடித்துக் குற்றாலத்துக்குப் போகிறது. நல்ல சீசன். அருவியில் பெண்கள் பக்கம் நிற்க இடமில்லை. பக்கத்தில் நிற்கும் வெளியூர்க்காரி, குடும்பத்தோடு வந்தீர்களா என்று சிரித்தபடி கேட்கிறாள். தாய் குளித்து முடித்து, ஈரத்தலையோடு கடையில் மிளகாய் பஜ்ஜி வாங்கித் தின்கிறாள். படிக்கிறவர்களுக்கு அவள்மேல் வெறுப்பு வர வேண்டும் என்று வேலை மெனக்கெட்டு அந்த பஜ்ஜியை எழுதினேன்.

பத்திரிகை வந்ததும், இதை மட்டும் படியுங்கள் என்று அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரே மூச்சில் படித்தார். நான் அடுப்படியில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டு அவர் என்னைக் கூப்பிட்டபோது கண் கலங்கியிருந்தது. கதை வேலை செய்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

“பஜ்ஜிய வாங்கித் திங்கா பாத்தியா, அங்கதான் நிக்கா அவ. நம்ம பொம்பளைகளோட வைராக்கியத்த இப்பிடி ஒருத்தரும் எழுதல” என்றார்.

அப்படி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து எங்கள் சாதிச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். சாயங்காலத்துக்குள் கும்பிடு போடும் கைகளாக வந்து குவிந்தன. அதே வாரம் பத்திரிகைக்கு ஒரு வாசகர் எழுதியிருந்தார், சாதி வெறியின் முகத்திரையைக் கிழித்த கதை என்று. கதை என்னவோ ஒன்றுதான்.

தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. சங்கத்துக்காரர்களுக்கு மேடை போட ஒரு சாக்கு வேண்டும். செயலாளர், பட்டாளத்திலிருந்து வந்தவர், வீட்டுக்கே வந்துவிட்டார். தென்காசியில் கல்யாண மண்டபம் பிடித்தாகிவிட்டது, எனக்குப் பாராட்டு விழா என்றார். வர முடியாது என்றேன். “ஏன் மைனி, என்ன சங்கதி?” என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். காரணம் சொன்னால் இந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று ஊர் தோண்டும். தோண்டினால் மகள் அகப்படுவாள். அதற்குமேல் மறுக்க எனக்குத் தைரியம் இல்லை. மறுநாளே மேலகரம் முக்கில் என் படம் போட்ட பிளெக்ஸ் நின்றது. பக்கத்தில் வேட்பாளர் என்னைவிடப் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மேடையில் அந்த வேட்பாளர், பண்பாட்டைக் காக்கும் தாய்மார்களைப் பற்றிய இந்த நாவல் என்று பேசினார். நான்கு பக்கக் கதை. என் முறை வந்ததும் எழுந்தேன். சொல்லிவிட்டேன். அந்தத் தாய் செய்தது பாவம், அவளைத் திட்டுவதற்காகவே அந்தக் கதையை எழுதினேன் என்று மைக்கில் தெளிவாகவே சொன்னேன். மண்டபம் முழுக்கக் கைதட்டினார்கள். எழுதுகிறவர்களுக்கு எப்போதும் தன்னடக்கம் ஜாஸ்தி என்று செயலாளர் விளக்கம் கொடுத்தார். முன்வரிசையில் என் கணவர் பெருமையாக உட்கார்ந்திருந்தார். கல்லெறிந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

பேச்சை யாரும் வீடியோ எடுக்கவில்லை. சால்வை போட்டதை எல்லோரும் எடுத்திருந்தார்கள்.

மறுநாள் காலையில் மகள் போன் செய்தாள். அப்பா ஸ்டேட்டஸில் வைத்த படத்தைப் பார்த்தாளாம். மேடையில் நான் பேசியதை முழுசாகச் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

“நான் அவனக் கட்டிக்கிட்டா நீயும் என்னைத் தலைமுழுகிருவியாம்மா?”

“என்ன பேச்சு பேசுத நீ. செத்தாலும் மாட்டேன்.”

“ஒன் கதையில அந்த அம்மாவும் மொதல்ல இப்பிடித்தான் சொல்லுதா” என்றாள்.

உண்மைதான், இரண்டாம் பக்கத்தில் வருகிறது. இவ்வளவு பிரியமானவளும் கடைசியில் தெருவுக்குப் பயந்து மாறிவிடுவாள் என்பது நம்பும்படி இருக்க வேண்டுமென்று, அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பத் திருத்தி எழுதினேன். என் மகள் அதை நம்பிவிட்டாள்.