ரோசு கலர் கண்வலி

அந்தப் பெட்டியைத் திறந்ததும் வந்த மணம் ஏலக்காயாக இல்லை என்பதுதான் எனக்கு முதலில் உறைத்தது. போடியில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். அம்மா கூலிக்கு ஏலக்காய் பொறுக்கித் தரம் பிரித்துக்கொண்டிருந்த வீடு எங்களுடையது. பள்ளிச் சீருடை, தலையணை, பாடப் புத்தகம் என்று எதை மோந்து பார்த்தாலும் ஏலக்காய்தான் மணக்கும். இதுவோ ரோஜாப்பூவையும் மெழுகையும் சேர்த்து வைத்த மாதிரி, வேறு யாருடைய வீட்டுக்குள்ளோ தெரியாமல் நுழைந்துவிட்ட மாதிரி மணத்தது.

பெட்டி என் அத்தையுடையது. அப்பாவின் தங்கையான அவள் இரண்டு தெரு தள்ளி மாமியாரோடு இருந்தாள். மாமாவுக்கு மஸ்கட்டில் வேலை. எழுபதுகளின் கடைசியில் அவர் லீவுக்கு வந்தபோது டேப் ரிக்கார்டர், "பாரின் சேலை", தைலப் புட்டி ஆகியவற்றோடு இதையும் கொண்டுவந்திருந்தார். உள்ளங்கை அகலத்தில் கறுப்புப் பெட்டி, மூடியில் கண்ணாடி, உள்ளே சின்னச் சின்னக் கட்டங்களில் வெளிர் ரோஜா, செங்கல், செம்பு, மிளகாய் வற்றல் என்று நிறங்கள். ஓரத்தில் பஞ்சு வைத்த குச்சி ஒன்று. அத்தையின் மாமியார் அதைக் காது குடைகிற குச்சி என்று எண்ணி ஒருநாள் குடைந்தும் பார்த்தாராம். கண்ணுக்கு மேலே பூசுகிற பவுடர் என்று மட்டும் சொல்லிவிட்டு மாமா மஸ்கட்டுக்குப் பறந்துவிட்டார். எப்படிப் பூசுவது என்பது அவருக்கும் தெரியாது.

பத்தாம் வகுப்பின் கடைசியில் பள்ளியில் குரூப் போட்டோ எடுக்கப்போவதாகச் சொன்னார்கள். அதுவரை நான் எந்தப் படத்திலும் இருந்ததில்லை. பாப்பாவாக இருந்தபோதுகூட என்னை யாரும் எடுத்ததில்லை. போட்டோவில் நன்றாக விழ வேண்டும் என்று வாரக்கணக்கில் அதே நினைப்பாகத் திரிந்தேன். அத்தையிடம் சொன்னதும், போட்டோ அன்று காலையில் மாமியார் கோயிலுக்குப் போகிற நேரம் பார்த்து வரச் சொன்னாள்.

"எம் மாமியா இருக்கிற வீட்டுல நான் இதப் பூசிக்கிட்டு எங்கிட்டுடி போறது? ஒங் கண்ணுலயாச்சும் பாத்துக்கிறேன்" என்றாள். இமையில் ரோஜாவைத் தேய்த்தாள், அதன்மேல் செங்கல்லைத் தேய்த்தாள், கைக்கு வந்த ஆசையில் கண்ணுக்குக் கீழேயும் தேய்த்தாள். அந்தச் சின்னக் கண்ணாடியில் ஒவ்வொரு கண்ணாகப் பார்த்தேன். என் கறுப்பு முகத்தில் கண் மட்டும் விடிகிற மாதிரி இருந்தது. அத்தை என் தாடையைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே நின்றாள்.

பள்ளிக்குப் போகிற வழியில் காற்று வீசித் தூள் கண்ணுக்குள் போனது. நான் கசக்கினேன். கசக்கக் கசக்கத் தண்ணீர் கொட்டியது, பூச்சு கலைந்து கண்ணைச் சுற்றிச் சிவப்பாக அப்பியது. ஊரெங்கும் கண்வலி பரவியிருந்த மாதம் அது. வீட்டுக்கு ஒருவர் சிவந்த கண்ணோடு உட்கார்ந்திருந்தார்.

பள்ளி மைதானத்தில் பெஞ்சுகளை அடுக்கிக்கொண்டிருந்த கணக்கு டீச்சர் என்னைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார்.

"கண்வலியோட ஒன்னைய யாருடி வரச் சொன்னது? பூரா வகுப்புக்கும் ஒட்டவா? அந்த வேப்பமரத்துக்கிட்டத் தள்ளிப் போய் நில்லு."

இது கண்வலி இல்லை, பூச்சு என்று வாயைத் திறந்திருந்தால் அதோடு தீர்ந்திருக்கும். ஆனால் அதற்கு முந்தின மாதம்தான் நகப்பூச்சு போட்டு வந்த ஒருத்தியைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் மேடையேற்றி, பிளேடால் சுரண்டவைத்திருந்தார்கள். அன்றிலிருந்து அவளுக்கு "மினுக்கி" என்றே பெயர். அவளை நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அந்தப் பெயர் எனக்கு வரும், காய் பொறுக்குகிறவள் மகளுக்கு வந்த சோக்கைப் பார் என்பார்கள் என்று நினைத்தபோது உடம்பே கூசியது. கண்வலிக்காரியாகவே மரத்தடிக்குப் போனேன்.

மரத்துக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கழுவினால் வழிகிற நிறத்தை அத்தனை பேரும் பார்ப்பார்களே என்று அதன் பக்கம் திரும்பவே இல்லை. எல்லோரும் வரிசையாக நின்றார்கள். என் தோழி செல்வி தன் பக்கத்தில் எனக்கு இடம் விட்டிருந்தாள். போட்டோக்காரர், "நெருங்கி நில்லும்மா" என்று அவளை இரண்டு முறை அதட்டினார். அவள் நகரவில்லை. படம் எடுத்து முடிந்துவிட்டது.

வீட்டில் அம்மா பதறிப்போய் என்னைப் படுக்கவைத்து, குளிர்ச்சிக்கு நந்தியாவட்டைப் பூவை நனைத்துக் கண்ணில் வைத்தாள். சேதி கேட்டு அத்தை ஓடிவந்தாள். பூவை எடுத்துப் பார்த்தாள். வெள்ளை இதழில் ரோஜா நிறம் ஒட்டியிருந்தது. அம்மா திரும்புவதற்குள் அதைக் கசக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"கண்வலிதான் மதினி. ரெண்டு நாள்ல போயிரும்" என்றாள். நான் கண்ணை மூடியே கிடந்தேன்.

போட்டோ வந்தபோது செல்வி வீட்டில்தான் பார்த்தேன். கறுப்பு வெள்ளைப் படம். செல்வியின் சிவப்பு ரிப்பன்கூடச் சாம்பலாகத்தான் தெரிந்தது. நான் பூசியிருந்தாலும் கழுவியிருந்தாலும் அதில் ஒன்றுதான். அத்தையிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பெட்டியை அவள் அதற்குப் பிறகு திறந்து நான் பார்த்ததில்லை.

போன மாதம் பழைய தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அந்தப் படத்தைப் போட்டார்கள். "செல்விக்குப் பக்கத்துல ஏன் காலியா இருக்கு?" என்று ஒருத்தி கேட்க, "அவளுக்கு அன்னிக்குக் கண்வலி, பாவம்" என்று செல்வி எழுதினாள். பேத்தி எடுத்த வயதிலும் அது கண்வலி இல்லை என்று எழுத எனக்கு முடியவில்லை. பள்ளியின் ஓட்டுக் கட்டடம், வேப்பமரம், குழாய் எல்லாம் போய் அங்கே மாடிக் கட்டடம் வந்துவிட்டது.

அத்தை இப்போது என்னோடு இருக்கிறாள். புரை எடுத்த கண்ணுக்கு அருகே கைப்பேசியை வைத்து அந்தக் காலி இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"கலர்ப் படமே இல்லையாடி இது?"

"இல்ல அத்தை."

"அடி கிறுக்கி, மூஞ்சியக் கழுவிட்டுப் போய் நின்னுருக்கலாம்ல? தண்ணி கெடைக்கலையா?"

"கொழா பக்கத்துலதான் இருந்துச்சு அத்தை" என்றேன்.