அரை மில்லி அதிகம்

எழுபதுகளின் தொடக்கம். காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில் நான் வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டர். வயது இருபத்துமூன்றுதான், கோபம் மட்டும் அப்போதே ரிட்டையர் ஆகப்போகிறவருக்கு வருகிற மாதிரி வரும்.

அன்று புகுமுக வகுப்புக்குச் செய்முறைத் தேர்வு. குடுவையிலுள்ள நிறமில்லாத இரும்பு உப்புக் கரைசலில், அளவு குறித்த கண்ணாடிக் குழாயிலிருந்து ஊதா நிறப் பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வெளிறிய ரோஜா நிறம் வந்து நின்றதும் நிறுத்திவிட வேண்டும். செலவான அளவை வைத்து உப்புக் கரைசலின் செறிவைக் கணக்கிட வேண்டும், அவ்வளவுதான்.

பட்டுக்குச் சாயம் போடும் வீட்டுப் பையன் ஒருவன் அந்த வகுப்பில் இருந்தான். பெருக்கல், வகுத்தலில் பிழையே வராது. ஆனால் விடை மட்டும் எப்போதும் தப்பு. "கவனம் எங்கே மேயுது?" என்று எல்லார் முன்னாலும் திட்டுவேன். இந்தத் தேர்வில் தேறாவிட்டால் படிப்பு போதும், பட்டறைக்கு வந்துவிடு என்று அவன் அப்பா சொல்லியிருந்தார்.

அன்றும் மூன்று முறை செய்திருந்தான். மூன்றிலும் ஒரே அளவு, மூன்றிலும் அரை மில்லி அதிகம். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அவன் குடுவையைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே கத்தரிப்பூ நிறம்.

"ஏம்ப்பா இவ்வளவு அடர்த்தியா விட்டே?"

"வெளுப்பா இருந்தா இன்னும் சாயம் புடிக்கலன்னு அர்த்தம் சார். எங்க பட்டறையில அப்டி எடுத்தா அப்பா திட்டுவாரு. அதான், கலர் நல்லா ஏறட்டும்னு வுட்டுக்கினே இருந்தேன்."

எனக்குக் கன்னத்தில் அறைந்தது போல் இருந்தது. நிறம் வரும்வரை விடு என்று சொன்னேனே தவிர, எவ்வளவு நிறம் என்று காட்டியதில்லை. ஒருநாள்கூட அவன் குடுவையை எட்டிப் பார்த்ததில்லை.

"தப்பு என்னுது சார். நான் சரியாச் சொல்லிக் கொடுக்கல" என்றேன்.

தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "நேரம் இருக்கு. இன்னொரு தடவை செய்ப்பா. லேசா நிறம் மாறினதுமே நிறுத்திடு."

அவன் குனிந்து சொட்டு விட்டான். "வந்துட்ச்சு சார்" என்று குழாயைத் திருகி மூடினான். நாங்கள் இருவரும் உற்றுப் பார்த்தோம். எங்கள் கண்ணுக்கு வெறும் தண்ணீர். குடுவைக்குப் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்த பிறகுதான் அந்த மெல்லிய ரோஜா தெரிந்தது. அளவு மிகச் சரியாக இருந்தது.

அவன் தேறினான். அதன் பிறகு பல வருடங்கள் பாடம் நடத்தினேன். விடை தப்பாக வந்தால், திட்டுவதற்கு முன் குடுவைக்கு அருகே போய் நின்று பார்ப்பேன். ஆனாலும், அவ்வளவு கூர்மையான கண் உள்ளவனைக் கவனமில்லாதவன் என்று ஒரு வருடம் முழுக்கத் திட்டியது நினைவுக்கு வந்தால், இன்றும் மனசு கூசிப்போகிறது.