வளரும் பிள்ளைக்கு ஒரு துப்பாக்கி

எதையும் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில் தனக்கு நிகர் யாருமில்லை என்பது எங்கள் மாமாவே பழவேற்காடு முழுவதும் பரப்பி வைத்திருந்த செய்தி. முகர்ந்து பார்த்தே அது எந்தப் பக்கத்துத் தண்ணீரில் பிடித்த இறால் என்று சொல்வார். நடையை வைத்தே மாப்பிள்ளையைத் தீர்மானிப்பார். அவர் அப்படித் தீர்மானித்த மாப்பிள்ளைகளில் என் நைனாவும் ஒருவர் என்பதால், இதைப் பற்றி அம்மா கருத்துச் சொல்வதில்லை. மாமா அம்மாவுக்கு அண்ணன். ஏரிக்கரையில் இறாலை ஏலம் எடுப்பவர். அவருக்குப் பிள்ளை கிடையாது. அந்தக் குறையை என் காரியங்களில் தலையிட்டுத் தீர்த்துக்கொண்டார்.

அந்த வருடம் காணும் பொங்கலுக்கு, டச்சுக்காரர் கல்லறைச் சுவரோரம் பலூன் சுடும் கடை வந்திருந்தது. துப்பாக்கியை வாங்கி இடது தோளில் வைத்தேன்.

“வலது பக்கம் வெய்யி பாப்பா,” என்றார் கடைக்காரர்.

வலது பக்கம் வைத்துச் சுட்டேன். குண்டு எங்கே போனது என்பது உள்ளே படுத்திருந்த டச்சுக்காரர்களுக்குத்தான் தெரியும். அவர் அசந்த நேரம் பார்த்து இடது பக்கம் மாற்றிக்கொண்டு, வரிசையாக உடைக்க ஆரம்பித்தேன். கடைக்காரர் முகம் சுருங்கச் சுருங்க மாமாவின் முகம் மலர்ந்தது.

“இன்னா குறி! இன்னா குறி! உனுக்கு சொந்தமா ஒண்ணு வாங்கித் தரேன் கண்ணு!”

திருவிழாக் கூட்டத்தின் நடுவே சொன்ன வார்த்தையைத் திரும்பப் பெற அவருக்கு வழியில்லை. எனக்கோ அது உயிர்ப் பிரச்சினை. பொன்னேரியில் நான் படித்த பள்ளியில் ஒரே ஒரு காற்றுத் துப்பாக்கி இருந்தது. வரிசையில் என் முறை வருவதற்குள் மணி அடித்துவிடும். சொந்தமாக வைத்திருந்தால் தினமும் பழகலாம், போட்டிக்கும் போகலாம் என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

“இன்னாண்ணா நீ, பொட்டப்புள்ளைக்குப் போயி துப்பாக்கின்ற! நாளைக்கு எவன் கட்டுவான் இவள?” என்றாள் அம்மா.

“பயந்துக்குனே கட்டுவான், போ.”

காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவைப்படவில்லை என்பது, பல வருடங்கள் கழித்து நானே அரசு அலுவலகத்தில் துப்பாக்கி உரிமப் பிரிவில் வேலைக்கு உட்கார்ந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. மாமா யாரையும் கேட்காமலேயே சட்டத்துக்கு உட்பட்டு நடந்திருக்கிறார். அவர் வாழ்க்கையில் இப்படிச் சில தற்செயல்கள் உண்டு. அதே அலுவலகத்தில் ஒரு நாற்காலி வாங்க மூன்று விலைப்புள்ளி கேட்டு, ஒப்பிட்டு, குறிப்பு எழுதி மேலே அனுப்புவேன். மாமாவின் கொள்முதல் முறை அதைவிடச் சுருக்கமானது. கண்ணில் பட்டதில் எது பெரியதோ, அது.

சென்னையில் அந்தக் கடைக்குள் நுழைந்ததும், சுவரில் இருந்ததிலேயே நீளமான துப்பாக்கியைக் காட்டினார்.

“அத்த எடு பாய். வளர்ற புள்ள. கொஞ்சம் பெரிசாவே இருக்கட்டும்.”

கடை முதலாளி வயதானவர். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மாமாவைப் பார்த்தார்.

“பாவாடை தைக்கவா வந்தீங்க? மடிச்சு உள்ள தைக்கிறதுக்கு இதுல துணி இல்லைங்க.”

அந்த நீளத் துப்பாக்கியை என்னிடம் கொடுத்து, அதன் அடிக்கட்டையை என் முழங்கை மடிப்பில் வைக்கச் சொன்னார். விரல் விசைக்கு எட்டவில்லை. தூக்கிப் பிடிக்கச் சொன்னார். குழல் மெல்லத் தரையை நோக்கிச் சாய்ந்தது. மாமா அதைத் துப்பாக்கியின் பணிவு என்று எடுத்துக்கொண்டிருப்பார். பாய் வாங்கி மறுபடியும் சுவரில் மாட்டிவிட்டு, சிறியதாக ஒன்றைக் கொடுத்தார். நான் வழக்கம்போல் இடது தோளுக்குக் கொண்டுபோனேன்.

“எழுதறது எந்தக் கையிலம்மா?”

“வலது கையில.”

“அப்ப வலது பக்கம் வெச்சுப் பாரு. இடது கண்ண மூடிக்கோ. குழல் முனையில குச்சி மாதிரி ஒண்ணு தெரியுதா?”

“தெரியுது,” என்றேன். தெரியவில்லை. தெரியவில்லை என்றால் துப்பாக்கி கிடையாது என்று தோன்றியது.

பாய் கடையின் மறுகோடிக்குப் போய்க் கையைத் தூக்கினார். “இது எத்தினி வெரல்?”

“மூணு.”

இடது கண்ணைத் திறந்து பார்த்தேன். அவர் கையில் இருந்தது குண்டு டப்பா.

என் வலது கண்ணுக்கு எப்போதுமே அப்படித்தான். அரிசி களைந்த தண்ணீருக்கு அடியிலிருந்து பார்ப்பதுபோல் இருக்கும். எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். ஒரு கண் பார்ப்பதற்கு, மற்றது துணைக்கு. யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

பாய் மாமாவை ஓரமாக அழைத்துப்போய்த் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். மாமா என்னைப் பார்த்தார். உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பரீட்சையில் தோற்றுவிட்டேன் என்று புரிந்தது.

“மாமா, இன்னொரு தபா கேக்கச் சொல்லு மாமா. இந்த வாட்டி கரீக்டா சொல்றேன்.”

“இல்ல கண்ணு, நீ கரீக்டாத்தான் சொன்ன,” என்றார். பிறகு பாயிடம், “இவளுக்கு இடது பக்கம் வெக்கிற மாதிரி குடு,” என்றார்.

பெரும்பாலான துப்பாக்கிகளில் கன்னம் வைக்கும் மேடு வலது பக்கத்துக்காரர்களுக்கு ஏற்றபடிதான் இருக்கும். பாய் உள்ளே போய்த் தேடி, இரண்டு பக்கமும் சமமாக இருந்த ஒன்றைக் கொண்டுவந்தார். மெருகு போயிருந்தது. முழங்கையில் வைத்தேன்; விரல் எட்டியது. தூக்கினேன், சாயவில்லை. கன்னத்தை வைத்ததும், கழுத்தை வளைக்காமலேயே முனை நேராகக் கண்ணுக்கு வந்தது.

“சின்னதா இருக்கே மாமா. நான் வளந்துட்டா?”

“வளந்தா வேற வாங்கிக்கலாம்.”

எங்கள் குடும்பத்தில் அந்த வாக்கியத்தை யாரும் உச்சரித்து நான் கேட்டதில்லை. மாமா பேரமும் பேசவில்லை. ஒரு கூடை இறாலுக்காக ஏரியே எழுந்து வந்து பார்க்கும்படி சண்டை போடும் மனிதர், சொன்னதைக் கொடுத்துவிட்டுத் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றினார். வெளியே வந்ததும், “இடது பக்கமா சுடறவங்களத்தான் கவர்மெண்டே தேடிக்கினு கீது, தெரியுமா?” என்றார். நான் அதை முழுதாக நம்பினேன்.

பொன்னேரியில் பழவேற்காட்டுப் பேருந்து ஏறினோம். எனக்கு ஜன்னலோரம். கொஞ்ச தூரம் போனதும் மாமா தன் உள்ளங்கையால் என் இடது கண்ணை மூடினார்.

“ஒரு வெளாட்டு. வெளிய இன்னா தெரியுது, சொல்லு பாக்கலாம்.”

தினமும் பள்ளிக்குப் போய்வரும் வழி அது. புகை வாசனை வந்ததும் செங்கல் சூளை என்றேன். இரைச்சல் கேட்டதும் சவுக்குத் தோப்பு என்றேன். திருப்பத்தில் உடம்பு சாய்ந்தபோது அய்யனார் கோயில் என்றேன். எல்லாவற்றுக்கும் “கரீக்டு” என்றார் மாமா. ஆனால் வெற்றியைக் கொண்டாடத் தெரிந்த அந்த மனிதரின் குரலில் ஏனோ உற்சாகமே இல்லை. கடைசிக் கேள்விக்குப் பிறகும் கையை எடுக்காமல் வைத்திருந்தார்.

“இப்போ உன் முறை மாமா,” என்று அவர் கையை விலக்கி, அவருடைய ஒரு கண்ணை நான் மூடினேன். உள்ளங்கை நனைந்தது. கூட்டத்தில் வியர்க்கிறது போலிருக்கிறது என்று பாவாடையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் மூடினேன்.

“சொல்லு மாமா, இன்னா தெரியுது?”

ஜன்னலுக்கு வெளியே ஏரி முழுக்கப் பூநாரைகள் நின்றன. அவருக்கு ஒன்றுகூடச் சொல்ல வரவில்லை. நான் நிறுத்தம் வரும்வரை விடாமல் கேட்டேன். பிறகு இறங்கி, துப்பாக்கியைக்கூட மறந்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

“அம்மா! மாமா தோத்துட்டாரு!”