பிளான் மேடம் வாங்கிய பழுப்புக் கம்பளிகள்

துபாய் தேராவில் என் மாமா நடத்திய கடையில் கொரியக் கம்பளிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். புலி, மயில், ரோஜாக் கொத்து என்று கண்ணைப் பறிக்கும் படங்கள். அந்த அம்மாள் முதன்முதலாக வந்த நாளில், கூட வந்த பெண்களெல்லாம் புலிக்கும் மயிலுக்கும் அடித்துக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் அடுக்கின் அடியில் கையை விட்டு, படமே இல்லாத ஒரு பழுப்புக் கம்பளியை உருவினார். விரலால் நெருடிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். பிறகு, "இதே மாதிரி எவ்வளவு இருக்கு?" என்று கேட்டார். போன குளிர்காலத்திலும் அதற்கு முந்தைய குளிர்காலத்திலும் யாரும் ஏறெடுத்துப் பார்க்காத சரக்கு அது. மாமாவின் முகத்தில் பெருநாள் பிறை தெரிந்தது.

தொண்ணூறுகளின் நடு வருடங்கள் அவை. சோவியத் நாடு உடைந்த பிறகு, கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான் பக்கமிருந்து பெண்கள் கூட்டம் கூட்டமாக விமானம் ஏறி துபாய்க்குச் சரக்கெடுக்க வருவார்கள். நேற்றுவரை டீச்சராகவும் நர்ஸாகவும் இருந்தவர்கள், தங்களைவிடப் பெரிய மூட்டைகளை இழுத்துக்கொண்டு தெருவில் போவார்கள். எங்கள் கடைத்தெருவில் பாதிப் பலகைகள் ரஷ்ய எழுத்தில்தான் இருந்தன. கீழக்கரையில் பத்தாவதை ஒப்பேற்றிவிட்டு வந்த எனக்கு அரபி இன்றுவரை தகராறு. ரஷ்ய மொழியில் பேரம் பேசுவது மட்டும் தண்ணீர் பட்ட பாடு. கஜகஸ்தானிலிருந்து வந்த இந்த அம்மாள், தன் ஊரின் திட்ட அலுவலகத்தில் இருந்தவர். வருடத்துக்கு ஊருக்கு எவ்வளவு கம்பளி வேண்டும், எவ்வளவு பூட்ஸ் வேண்டும் என்று கணக்குப் போட்டு மேலிடத்துக்கு அனுப்புவதுதான் வேலையாம். யார் எவ்வளவு கேட்டாலும் அதில் கொஞ்சம் வெட்டித்தான் கொடுப்பாராம். இதைக் கேட்ட மாமா அப்போதே 'பிளான் மேடம்' என்று பெயர் வைத்துவிட்டார். அந்த அலுவலகத்தை இழுத்து மூடியதும், கொஞ்ச காலம் தையல், கொஞ்ச காலம் ரொட்டிக் கடை என்று ஓட்டிப் பார்த்துவிட்டு இங்கே வந்திருந்தார்.

மாமா ஒரு விலை சொன்னார். எங்கள் தெருவில் சொல்லும் விலை வேறு, கொடுக்கும் விலை வேறு. வாடிக்கையாளர் பாதியாகக் கேட்க வேண்டும், மாமா நெஞ்சில் கை வைத்து 'நஷ்டம்' என்று புலம்ப வேண்டும், அவர் வெளியே நடக்க வேண்டும், நான் ஓடிப்போய்க் கூட்டிவர வேண்டும். அதெல்லாம் முடிந்தால்தான் வியாபாரம். பிளான் மேடமோ பேசாமல் பர்ஸைத் திறந்தார். சொன்ன விலையை அப்படியே கொடுக்கும் ஆளை மாமா அதுவரை பார்த்ததில்லை. பேய் அறைந்தவர் போல என்னைப் பார்த்தார். பிறகு யாரும் கேட்காமலே தானாகவே விலையைக் குறைத்தார். "இந்தம்மா வியாபாரத்தையே கெடுத்துடும் போலிருக்கே" என்று தமிழில் முணுமுணுத்தார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "மேடம், பாதி புலி எடுங்க. உங்க பக்கத்து ஆளுங்க எல்லாரும் படம் போட்டதைத்தான் கேக்குறாங்க" என்றேன். "குளிருக்குக் கம்பளி வேணும், புலி எதுக்கு? எல்லாருக்கும் ஒரே மாதிரி இருந்தா ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் பொறாமைப்பட மாட்டாங்க" என்றார் அவர். மாமா என் விலாவில் இடித்தார். "மருமவனே, நீ கடைக்கு ஆளா, அந்தம்மாவுக்கு ஆளா?" நான் கயிறை எடுக்கப் போனேன். மூட்டை கட்டும்போதுதான் பிளான் மேடம் சொன்னார், அரசாங்கம் கொடுத்த வீட்டை விற்றுத்தான் இந்தச் சரக்கை எடுக்கிறாராம். அம்மாவையும் மகளையும் தங்கை வீட்டில் ஒரே அறையில் விட்டுவிட்டு வந்திருந்தார். இது போகவில்லையென்றால் திரும்பிப் போக இடமில்லை. கார்கோக்காரன் வந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனபோது, வண்டி தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த குளிர் தொடங்கும் முன் ஒரு நாள் அவர் கடை வாசலில் வந்து நின்றார். சரக்கைத் திருப்பிக் கொடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று முடிவுகட்டிய மாமா, தொழுகைக்கு நேரமாயிற்று என்று பின்பக்கம் நழுவினார். பாங்கு சொல்ல இன்னும் நேரம் இருந்தது. நான் தேநீர் கொடுத்தேன். பிளான் மேடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: சந்தையில் ஒருத்தர்கூடச் சீண்டவில்லையாம். 'ஆஸ்பத்திரிப் போர்வை' என்று கேலி செய்தார்களாம். காலமெல்லாம் ஒரே மாதிரிப் போர்த்திச் சலித்த ஜனங்கள். புலி வேண்டும், மயில் வேண்டும், பக்கத்து வீட்டில் இல்லாதது வேண்டும். மூட்டைமேல் உட்கார்ந்து அழுதாராம். அழுதுகொண்டிருக்கும்போதே அந்தக் கேலி மண்டையில் உறைத்ததாம். நேராக ரயில்வே ஓய்வு விடுதிக்குப் போனார். அங்கிருந்த மேலாளர் வருடா வருடம் கம்பளி கேட்டு எழுதுவார், இவர் வருடா வருடம் வெட்டுவார். இப்போது கொடுக்க அலுவலகமும் இல்லை, விடுதியில் நல்ல போர்வையும் இல்லை. "அந்த ஆள் என்னை நிக்க வச்சுப் பேரம் பேசினான். இத்தனை வருஷக் கோபத்தையும் விலையில காட்டினான். நானும் விடல. கதவு வரைக்கும் நடந்தேன், ஓடி வந்து கூப்பிட்டான்!" அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை எந்தப் பெரிய முதலாளி முகத்திலும் நான் பார்த்ததில்லை. விடுதிக்குப் பிறகு ஆஸ்பத்திரி, மாணவர் விடுதி என்று பழுப்பு எல்லாம் தீர்ந்துவிட்டது. அன்று பழுப்பும் எடுத்தார், புலியும் எடுத்தார். மாமா சொன்ன விலையில் பாதி கேட்டார். மாமா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, உள்ளூரக் குளிர்ந்துபோய், ஆனந்தமாகப் புலம்பினார்.

இப்போது அந்தத் தெருவில் ரஷ்யப் பலகைகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எனக்கு ஷார்ஜாவில் சொந்தக் கடை இருக்கிறது. சரக்கு போகாமல் தேங்கும்போதெல்லாம், இதைக் கேலி செய்கிறவன் யார், அவன் என்ன சொல்லிக் கேலி செய்கிறான் என்று காது கொடுத்துக் கேட்கிறேன். அந்தப் பழக்கம் பிளான் மேடத்திடமிருந்து வந்தது.

நான் மாமா கடையில் இருந்த காலத்திலேயே, சில வருடங்கள் கழித்து அவர் ஒரு நாள் கூட்டம் சேர்க்காமல் தனியாக வந்தார். கம்பளி வேண்டாம், அப்போது புதிதாக வைத்திருந்த திரைச்சீலைத் துணியைக் காட்டு என்றார். "பழைய வீட்டையே திரும்ப வாங்கிட்டீங்களா மேடம்?" என்று ஆசையாகக் கேட்டேன். "அது அவங்க கொடுத்த வீடு. எந்தத் தெரு, எந்த மாடின்னு என்னை யாரும் கேக்கல. இது நானே நடந்து பார்த்து வாங்கினது. அம்மா அறையில காலை வெயில் விழும்" என்றார். அவர் கண் கலங்கியது, என் கண்ணும்தான். பச்சையை இறக்கச் சொன்னார், நீலத்தை இறக்கச் சொன்னார், பூப்போட்டதை விரித்து வெளிச்சத்தில் பிடித்துவிட்டு மறுபடி பச்சைக்கு வந்தார். ஒரு ஊருக்கே கம்பளி ஒதுக்கியவர், ஒரே ஒரு ஜன்னலுக்காகக் கடையையே தலைகீழாக்கினார். பொறுமையிழந்த மாமா, "பச்சையே நல்லாருக்கு மேடம், கட்டிரவா?" என்றார். "நீங்க சும்மா இருங்க" என்று அவரை அடக்கினார் பிளான் மேடம். "ரெண்டு பேரும் போய்ச் சாப்பிட்டு, நிதானமா வாங்க. நான் இன்னும் பார்க்கணும்."